நாலு பேர், ஒரு திரை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அருங்காட்சியகத்து மேசைத் திரை, வகுப்பறை பேனல், அலுவலக மீட்டிங் அறையில் மாட்டியிருக்கும் பெரிய திரை என்று பலர் சேர்ந்து பயன்படுத்தும் தொடுதிரைகளை எப்படி வடிவமைப்பது, எப்படிச் சோதிப்பது என்று கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்தும் நீளமானவற்றைச் சுருக்கியும் இங்கே தருகிறேன்.

கேள்வி: இறுதியாண்டு கணினி அறிவியல் படிக்கிறேன். நாலு பேர் ஒரு மேசைத் திரையைச் சுற்றி நின்று சுற்றுலாத் திட்டம் போடுகிற மாதிரி ஒரு புராஜெக்ட். அப்படிப்பட்ட திரை எங்கள் கல்லூரியில் இல்லை. முதலில் ஆப்பை எழுதி முடி, அப்புறம் எங்காவது இரவல் வாங்கிச் சோதிக்கலாம் என்கிறார் கைடு. சரியா?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: ஆப்பை அப்புறம் எழுதலாம், சோதனையை இந்த வாரமே தொடங்குங்கள். அதற்கு வேண்டியதெல்லாம் ஒரு பெரிய மேசை, ரெண்டு சார்ட் பேப்பர், கத்தரிக்கோல், பசை. கடையில் கிடைக்கும் முழு சார்ட் 22க்கு 28 அங்குலம் இருக்கும். ரெண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டினால் ஏறக்குறைய ஒரு 55 அங்குலத் திரையின் அளவு வந்துவிடும். முன்மாதிரி நிஜத் திரையின் அளவிலேயே இருக்க வேண்டும், இந்த ஒரு விஷயத்தில் சமரசம் வேண்டாம். லேப்டாப்பில் பார்க்கும்போது மேல் மூலையில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும் மெனு, நிஜ அளவில் எதிர்ப்பக்கம் நிற்பவர் கைக்கு எட்டவே எட்டாது. காகிதத்தில் அது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும், புரோகிராம் எழுதி முடித்த பிறகு தெரிந்தால் மாற்ற மனசு வராது.

நடுவில் வரைபடத்தை வரையுங்கள். கோயில், அருவி, ஓட்டல், பஸ் நேரம் என்று ஒவ்வொன்றையும் தனித்தனி அட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒருவர் கணினியாக நடிக்க வேண்டும், யாராவது ஓர் அட்டையைத் தொட்டால் அதற்கான விவரச் சீட்டை எடுத்து வைப்பது அவர் வேலை. ஒருவர் பயன்படுத்தும் ஆப்புக்கு இப்படி நடிக்க ஒரு ஆள் போதும், உங்களுக்கு ரெண்டு பேராவது வேண்டும், ஏனென்றால் நாலு பேர் ஒரே நேரத்தில் தொடுவார்கள். கணினியாக நடிப்பவர் திணறி “இரு இரு, யாருக்கு முதல்ல வைக்கணும்?” என்று கேட்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். நாளைக்கு உங்கள் புரோகிராம் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அவை, அவற்றில் பாதி உங்கள் ரெக்வயர்மென்ட் பட்டியலில் இருக்காது. இயந்திரத்துக்குப் பதிலாக ஆளை வைத்துச் சோதிப்பது பழைய முறைதான். பேச்சைக் கேட்டுத் தானே தட்டச்சு செய்யும் கருவி சாத்தியமாவதற்கு வெகு காலம் முன்பே, ஐபிஎம் ஆய்வாளர்கள் இன்னொரு அறையில் ஒரு தட்டச்சரை உட்கார வைத்து, அப்படி ஒரு கருவி இருந்தால் மக்கள் எப்படிக் கடிதம் எழுதுவார்கள் என்று சோதித்து 1983இல் வெளியிட்டார்கள்.

காகிதத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். கனடாவின் ஸ்டேசி ஸ்காட், ஷீலா கார்பென்டேல், கோரி இங்க்பென் மூவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு சாதாரண மேசைகளைச் சுற்றி மக்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைப் பார்த்தது. யாரும் சொல்லிக் கொடுக்காமலே மக்கள் மேசையை மூன்றாகப் பிரித்துக்கொள்கிறார்கள்: தனக்கு நேர் முன்னால் இருப்பது தன் இடம், நடுப்பகுதி எல்லோருக்கும், பிறகு தேவைப்படும் என்று சாமான்களை ஒதுக்கி வைக்க ஓரத்தில் ஓர் இடம். இந்த மூன்றாவது இடம் வேலை போகிற போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும். பொதுவான அட்டைக் குவியலை ஒருவர் மார்புக்கு நேராக வைத்துப் பாருங்கள், மற்ற மூவரும் அதில் கைவைக்கத் தயங்குவார்கள், “அதைக் கொஞ்சம் எடுத்துக் கொடுங்க” என்று கேட்க ஆரம்பிப்பார்கள். அவர் தானாகவே அந்தக் குழுவின் ஸ்டோர்கீப்பர் ஆகிவிடுவார். உங்கள் மெனுவை எங்கே வைப்பது என்பதற்கான பதில் அங்கேயே கிடைத்துவிட்டது.

காகிதம் சொல்லாதவையும் உண்டு. தொட்டதும் திரை எவ்வளவு தாமதிக்கிறது, உள்ளங்கை பட்டால் என்ன ஆகும், இழுக்கும்போது அட்டை பாதியில் நழுவுமா, இதெல்லாம் கண்ணாடியில்தான் தெரியும். அதனால் திரையை இரவல் வாங்கும் அந்த ஒரு நாளுக்கு, முழு ஆப்பைத் தூக்கிக்கொண்டு போகாமல், வெறும் வண்ணக் கட்டங்களை இழுக்கவும் திருப்பவும் மட்டும் முடிகிற ஒரு வெப் பக்கத்தை எழுதிக்கொண்டு போனாலே போதும். கைடிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள், காகிதச் சோதனையின் போட்டோக்களோடு போனால் மறுக்க மாட்டார் என்று நம்புகிறேன்.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எந்த ஆப்பாக இருந்தாலும் ஐந்து பேரைத் தனித்தனியாக உட்கார வைத்துச் சோதிப்போம். கூட்டுத் திரைக்கும் ஐந்து பேர் போதுமா?
— மென்பொருள் சோதனைப் பிரிவில் பணிபுரிபவர், சென்னை

பதில்: ஆய்வாளர்கள் ஜேக்கப் நீல்சனும் தாமஸ் லேண்டவரும் 1993இல் போட்ட ஒரு கணக்கின் அடிப்படையில் பரவிய எண்ணிக்கை அந்த ஐந்து. ஒவ்வொரு புதுப் பயனரும் ஏற்கெனவே தெரிந்த சிக்கல்களையே அதிகம் காட்டுவார், அதனால் சிலரை வைத்துச் சோதித்துத் திருத்திவிட்டு மறுபடி சிலரை வைத்துச் சோதிப்பதே லாபம் என்பது அதன் சாரம். தனியாள் பயன்படுத்தும் ஆப்புக்கு அது நல்ல வழிகாட்டி.

கூட்டுத் திரையில் உங்கள் கணக்கின் அலகே மாறிவிடுகிறது. இங்கே ஒரு குழுதான் ஒரு பயனர். நாலு பேர் கொண்ட ஒரு குழுவைச் சோதித்தால் நாலு பேரைச் சோதித்ததாகச் சொல்லிக்கொள்ள முடியாது, அந்த நாலு பேருக்கும் நடுவில் நடந்ததைத்தான் ஒரு முறை பார்த்திருக்கிறீர்கள். அதோடு குழுவுக்குக் குழு நடப்பு ரொம்பவே மாறும். நெருங்கிய நண்பர்கள் ஒருவர் கையைத் தட்டிவிட்டு இன்னொருவர் எடுப்பார்கள், முன்பின் அறியாதவர்கள் யாராவது முதலில் தொடட்டும் என்று காத்திருப்பார்கள், மேனேஜரும் அவருக்குக் கீழே வேலை செய்கிறவர்களும் நின்றால் மேனேஜர் கை மட்டுமே திரையில் இருக்கும். ஆகவே எத்தனை குழு என்று கேட்பதற்கு முன், எந்த எந்த வகைக் குழு என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வகையிலும் சில குழுக்கள் கிடைத்தால் நல்லது. அதற்கு நேரமில்லை என்றால் ரெண்டு ரெண்டு பேராகவாவது சோதியுங்கள், தனித்தனியாக மட்டும் வேண்டாம்.

இதில் ஒரு வசதியும் கிடைக்கிறது. தனியாள் சோதனையில் “மனதில் நினைப்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள்” என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருக்கும், அவர்களும் ரெண்டு வாக்கியம் பேசிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். ரெண்டு பேர் சேர்ந்தால் தாங்களாகவே பேசுவார்கள். ஜப்பானிய ஆய்வாளர் நவோமி மியாகே, தையல் இயந்திரம் எப்படித் தையல் போடுகிறது என்று ஜோடி ஜோடியாக மக்களை யோசிக்க வைத்து, அவர்கள் பேசிக்கொண்டதை வைத்தே புரிதல் எப்படி வளர்கிறது என்று 1986இல் எழுதினார். ஒருவர் குழம்பும்போது மற்றவர் விளக்குகிறார், அந்த விளக்கத்தில் தவறு இருந்தால் உங்கள் திரையில் எது தவறான எண்ணத்தைத் தருகிறது என்பது உங்களுக்குக் கிடைத்துவிடும்.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பெரிய தொடுதிரை பேனல் வந்திருக்கிறது. குழுவாகச் செய்யச் சொன்னால் எப்போதும் ஒரே பையன்தான் முன்னால் நின்று எல்லாவற்றையும் தொடுகிறான். மற்றவர்கள், குறிப்பாகப் பெண்பிள்ளைகள், பின்னால் நின்று பார்க்கிறார்கள். இது திரையின் குறையா, பிள்ளைகளின் குணமா?
— ஆசிரியை, தஞ்சாவூர்

பதில்: டீச்சர், இந்தச் சிக்கல் நம் நாட்டிலேயே கவனிக்கப்பட்டு, தீர்வும் தேடப்பட்ட ஒன்று. பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தைச் சேர்ந்த உதய் சிங் பவார், ஜோயோஜித் பால், கென்டாரோ டொயாமா ஆகியோர் கிராமப்புறப் பள்ளிகளில் ஒரு கணினியைச் சுற்றிப் பல பிள்ளைகள் உட்காருவதையும், மவுஸ் ஒரே பிள்ளையின் கையில் இருப்பதையும் பார்த்தார்கள். ஒரே கணினியில் பல மவுஸ், ஒவ்வொன்றுக்கும் வேறு நிறத்தில் ஓர் அம்புக்குறி என்று அமைத்துக் கொடுத்தார்கள். மவுஸ் கிடைத்தாலே போதும் என்று அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. ஆங்கிலச் சொற்கள் கற்கும் விளையாட்டில், யார் முதலில் அழுத்துகிறார்களோ அவர்கள் பதில் ஏற்கப்படும் என்று ஒரு முறையும், குழுவில் எல்லோரும் சரியான விடையை அழுத்தினால்தான் அடுத்த கேள்வி வரும் என்று இன்னொரு முறையும் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டிய முறையில், ஆளுக்கொரு கணினி கொடுத்த பிள்ளைகள் நினைவில் வைத்த அளவுக்குக் கிட்டத்தட்ட இவர்களும் நினைவில் வைத்தார்கள்.

ஆகவே திரைக்குள் இருக்கும் விதிதான் முக்கியம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2006இல் ஆஸ்பர்கர் (ஆட்டிசத்தின் ஒரு வகை) உள்ள வளரிளம் பிள்ளைகளுக்காக உருவாக்கிய மேசை விளையாட்டிலும் இதே யோசனை இருந்தது: ஒரு தவளைக்கு நாலு பேர் சேர்ந்து பாதை போட வேண்டும், பாதைத் துண்டுகள் நாலு பேரிடமும் பிரிந்திருக்கும், ஒருவரால் தனியாக முடிக்கவே முடியாது. உங்கள் வகுப்பில் புரோகிராம் எழுதாமலே இதைச் செய்து பார்க்கலாம். விடைத் துண்டுகளைத் திரையில் நாலு மூலையில் வையுங்கள், ஒவ்வொரு மூலையும் ஒரு பிள்ளையுடையது, அடுத்தவர் மூலையில் கை வைக்கக் கூடாது. பேனலின் எதிரே எல்லோரும் நிற்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். சுவரில் மாட்டிய திரைக்கு முன்னால் ரெண்டு பேர் வசதியாக நின்றாலே மூன்றாமவர் முதுகைத்தான் பார்க்க முடியும், அந்த மூன்றாமவர் பெரும்பாலும் முண்டியடித்துப் போகாத பிள்ளையாகத்தான் இருக்கும். குட்டிப் பிள்ளைகளுக்கு மேல் பாதி எட்டாது என்பதையும் மறக்க வேண்டாம்.

பிள்ளைகள் கைகள் மோதுவதைப் பார்த்துக் கவலைப்படாதீர்கள். பிரிட்டனில் 2009 வாக்கில் நடந்த ஓர் ஆய்வில், ஒரு நேரத்தில் ஒரு தொடுதலை மட்டும் ஏற்கும் மேசையில் “இப்ப என் முறை” என்ற பேச்சே அதிகம் இருந்தது, எல்லோரும் ஒரே நேரத்தில் தொடக்கூடிய மேசையில் செய்கிற வேலையைப் பற்றிய பேச்சு அதிகம் இருந்தது. ஒருவர் நகர்த்தியதை இன்னொருவர் தடுப்பதும், அதற்குக் காரணம் கேட்பதும், அவர் பதில் சொல்வதும் சேர்ந்து யோசிப்பதன் ஒரு பகுதி. அடுத்தவர் வேலையை ஒருவர் அழித்துவிட்டுப் போவதும், ஒருவர் கடைசிவரை தொடாமலே நிற்பதும்தான் தலையிட வேண்டிய இடங்கள்.

கேள்வி: வரைபட ஆப் ஒன்று எழுதினேன். நான் தனியாகச் சோதித்தபோது அருமையாக ஓடியது. நண்பனும் சேர்ந்து தொட்டதும் வரைபடம் தாறுமாறாகப் பெரிதாகிறது, சுழல்கிறது. பக் எங்கே இருக்கும்?
— புரோகிராமர், திருச்சி

பதில்: உங்கள் புரோகிராமில் பக், அதாவது பிழை, இருக்க வாய்ப்பு குறைவு. திரைக்கு விரல்கள் தெரியும், அந்த விரல்கள் யாருடையவை என்று தெரியாது. நீங்கள் இடது ஓரத்தில் ஒரு விரலையும் நண்பர் வலது ஓரத்தில் ஒரு விரலையும் வைத்து ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், திரைக்கு அது ஒருவர் ரெண்டு விரலால் படத்தைப் பெரிதாக்குவது மாதிரியே தெரியும். இயங்குதளம் ஒவ்வொரு தொடுதலுக்கும் ஓர் எண் கொடுக்கும், அவ்வளவுதான், அந்த எண்ணில் ஆளின் அடையாளம் எதுவும் கிடையாது.

யார் தொட்டார்கள் என்று உண்மையிலேயே தெரிந்த ஒரு மேசை இருந்தது. அமெரிக்காவில் மிட்சுபிஷி எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் பால் டீட்ஸ், டேரன் லீ இருவரும் 2001இல் வெளியிட்ட டைமண்ட் டச். மேசைப் பரப்பின் அடியில் ஏராளமான ஆன்டெனாக்கள், ஒவ்வொன்றும் தனித்தனி மின் சமிக்ஞையை அனுப்பும். உட்காரும் நாற்காலியில் ஒரு பட்டை இருக்கும். நீங்கள் மேசையைத் தொட்டதும் அந்த இடத்தின் சமிக்ஞை உங்கள் உடம்பு வழியாகவே நாற்காலிக்குப் போய்ச் சேரும், எந்த நாற்காலிக்கு வந்தது என்பதை வைத்து யார் தொட்டார்கள் என்று மேசை தெரிந்துகொள்ளும். எவ்வளவு நேர்த்தியான யோசனை! இருபது வருடம் கழித்தும், இன்று கடையில் வாங்கும் சாதாரணப் பேனலில் இந்தத் திறமை இல்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் கூட்டுத் திரையின் பாதிச் சிக்கல் அந்த ஒரு தகவல் இல்லாததால் வருகிறது.

ஆகவே வடிவமைப்பில் சுற்றிப் போக வேண்டும். முழு வரைபடத்தையும் ஒருவர் பெரிதாக்கினால் மற்ற மூவரும் பார்த்துக்கொண்டிருந்த இடம் காணாமல் போகும், அதனால் நடுவில் இருக்கும் பொது வரைபடத்தை அசையாமல் வையுங்கள். பெரிதாக்கிப் பார்க்க ஆளுக்கொரு சிறு சட்டம் (ஃபிரேம்) கொடுங்கள், அவரவர் சட்டத்துக்குள் அவரவர் பெரிதாக்கிக்கொள்ளட்டும். ஒரே சட்டத்துக்குள் விழுந்த ரெண்டு விரல்களை மட்டும் ஜோடியாக எடுத்துக்கொள்ளுங்கள், வெகு தூரம் தள்ளி இருக்கும் விரல்களை ஜோடி சேர்க்காதீர்கள். செய்ததை ரத்து செய்யும் அன்டூ பட்டனையும் யோசியுங்கள். நான் அன்டூ அழுத்தினால் எது திரும்பிப் போக வேண்டும், நான் கடைசியாகச் செய்ததா, அதற்குப் பிறகு நண்பர் செய்ததா? பொதுவாக ஒரே அன்டூ வைத்தால் நண்பரின் வேலை அவர் கண்ணெதிரிலேயே அழிந்துபோகும். ஒவ்வோர் அட்டைக்கும் தனித்தனியாக அன்டூ வைப்பது எளிய வழி. தட்டச்சுக்கும் இதே கதைதான், வழக்கமாக ஒரு நேரத்தில் ஒரு பெட்டிக்குத்தான் எழுத்து போகும், ரெண்டு பேர் ரெண்டு பெட்டியில் எழுத வேண்டும் என்றால் திரைக்குள் உங்கள் சொந்த விசைப்பலகையை வரைந்து ஒவ்வொன்றையும் அதன் பெட்டியோடு கட்ட வேண்டியிருக்கும்.

இன்னொன்று, ஆப்பின் பக்கப் படங்களைக் கோத்து முன்மாதிரி செய்யும் டிசைன் கருவிகளில் பெரும்பாலும் ஒரு பட்டனைத் தொட்டால் முழுப் பக்கமும் மாறும். ஒருவர் பக்கத்தை மாற்றினால் மற்றவர்களுடையதும் போய்விடும். அதில் செய்த முன்மாதிரியை நாலு பேரிடம் கொடுத்தால் அவர்கள் ஒவ்வொருவராகத்தான் தொடுவார்கள், நீங்களும் ‘ஆஹா, எவ்வளவு ஒழுங்காகப் பயன்படுத்துகிறார்கள்’ என்று தவறாக முடிவுகட்டிவிடுவீர்கள்.

கேள்வி: மேசைத் திரையில் எதிர்ப்பக்கம் நிற்பவருக்கு எழுத்து தலைகீழாகத் தெரியுமே. தானாகவே திரும்பிக்கொள்ளும்படி செய்யலாமா? தமிழ் எழுத்துக்கு ஏதாவது தனிக் கவனம் வேண்டுமா?
— நூலகப் பணியாளர், யாழ்ப்பாணம்

பதில்: தானாகத் திருப்புவதில் ஒரு நஷ்டம் இருக்கிறது. கால்கரி பல்கலைக்கழகத்தில் ரஸல் க்ரூகரும் மற்றவர்களும் மேசையில் காகிதம் வைத்து வேலை செய்பவர்களைப் பார்த்தபோது, காகிதத்தைத் திருப்புவது வாசிப்பதற்கு மட்டும் இல்லை என்று கண்டார்கள். தன் பக்கம் திருப்பி வைத்திருந்தால் “இது இப்போது என் வேலை” என்று பொருள், எதிரில் இருப்பவர் பக்கம் திருப்பினால் “நீங்கள் பாருங்கள்” என்று பொருள், வாய் திறக்காமலே விஷயம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. திரை தானாகத் திருப்பினால் இந்தப் பேச்சு முழுக்க அறுந்துபோகும். மேசை ஓரத்துக்கு இழுத்து வந்தால் மெல்ல அந்த ஓரத்தைப் பார்த்துத் திரும்பட்டும், நடுவில் இருக்கும்வரை கையால் திருப்பினால் மட்டும் திரும்பட்டும் என்று வைத்துச் சோதித்துப் பாருங்கள். ரெண்டு விரல் கேட்காமல் ஒரே விரலால் இழுக்கும்போதே திரும்பும்படி செய்தால் வயதானவர்களுக்குச் சுலபம்.

தமிழுக்குக் கவனம் கட்டாயம் வேண்டும். ஆங்கிலத்தில் ஐந்து எழுத்தில் முடிகிற பட்டன் பெயர் தமிழில் ரெட்டிப்பு நீளம் பிடிக்கும், அதைச் சாய்வாகத் திருப்பும்போது பக்கத்து அட்டை மேல் ஏறிவிடும். கொம்பும் காலும் சுழியும் நெருங்கிய எழுத்துகளைச் சாய்ந்த கோணத்தில் சின்னதாகக் காட்டினால் ‘ன’வும் ‘ள’வும் குழம்பும். ஆங்கில எழுத்தை வைத்து முன்மாதிரி செய்து கடைசியில் தமிழை ஊற்றாதீர்கள், முதல் காகித அட்டையிலேயே தமிழை எழுதுங்கள். பட்டன்களின் அளவையும் பிக்சலில் யோசிக்காமல் மில்லிமீட்டரில் யோசியுங்கள். ஆண்ட்ராய்டு வழிகாட்டி தொடும் இடத்துக்குக் குறைந்தது 9 மில்லிமீட்டர் அளவு சொல்கிறது, அது கையில் வைத்திருக்கும் போனுக்கு. நின்றுகொண்டு கையை நீட்டித் தொடும் மேசையில் அதைவிடத் தாராளமாக விடுங்கள்.

கேள்வி: எந்தச் செயலுக்கு எந்தச் சைகை என்று எப்படி முடிவு செய்வது? எங்கள் டீமில் தினமும் சண்டை.
— டிசைனர், பெங்களூரு

பதில்: டீமை விட்டுவிட்டு வெளியாட்களிடம் கேளுங்கள். ஜேக்கப் வொப்ராக், மெரிடித் ரிங்கல் மோரிஸ், ஆண்ட்ரூ வில்சன் மூவரும் 2009இல் இதற்கு நல்ல வழி காட்டியிருக்கிறார்கள். தொழில்நுட்பப் பின்னணி இல்லாத 20 பேரை அழைத்து, திரையில் விளைவை முதலில் காட்டினார்கள், உதாரணமாக ஒரு படம் அழிகிறது. “இதை நடக்க வைக்க நீங்கள் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். 27 செயல்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு கையால் ஒன்று, ரெண்டு கையால் ஒன்று என்று மொத்தம் 1080 சைகைகள் கிடைத்தன. எத்தனை விரல் வைக்கிறோம் என்பதை மக்கள் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஆய்வாளர்கள் மூவரும் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்தவை, மக்களின் சைகைத் தொகுப்பில் சுமார் 60 சதவீதத்தை மட்டுமே எட்டின. துறையில் ஊறிய மூன்று பேருக்கே அந்த நிலை. ஆகவே ‘ரெண்டு விரல் இழுத்தால் நகரும், மூன்று விரல் இழுத்தால் அழியும்’ என்கிற மாதிரி எதுவும் வேண்டாம்.

அவர்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள், நீங்கள் ஜோடியாகக் கேளுங்கள். “பக்கத்தில் இருப்பவருக்கு இதைக் கொடுக்க என்ன செய்வீர்கள்?”, “அவர் வைத்திருப்பதை வாங்க என்ன செய்வீர்கள்?” என்கிற கேள்விகள் தனியாளுக்குத் தோன்றவே தோன்றாது. அடுத்தவர் இடத்துக்குள் பாயும் பெரிய கையசைவு எதையும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

கேள்வி: எந்த வகைத் திரை வாங்கலாம்?
— தனியார் பயிற்சி மைய நிர்வாகி, சேலம்

பதில்: பிராண்ட் சொல்ல மாட்டேன். பெரிய பேனல்கள் பலவற்றில் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்பு ஒளி ஓடும், அதை எது மறைத்தாலும் தொடுதலாக எடுத்துக்கொள்ளும். விரல் கண்ணாடியைத் தொடும் முன்பே சட்டைக் கை, தொங்கும் முந்தானை, வளையல் எல்லாம் தொட்டதாகப் பதிவாகும். ரெண்டு பேர் கை ஒன்றன் நிழலில் ஒன்று வந்தால் ஒரு தொடுதல் காணாமல் போகவும் கூடும். போனில் இருப்பது மாதிரியான கெப்பாசிட்டிவ் திரை இதில் மேல், ஆனால் விலை கூடுதல், ஈரக் கையோடு சண்டை போடும். வாங்கும் முன் கடையிலேயே நாலு பேர் ஒரே நேரத்தில் நாலு பொருளைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பாருங்கள். பெட்டியில் ‘20 தொடுதல்’ என்று போட்டிருப்பதை மட்டும் நம்ப வேண்டாம். நீண்ட நேர வேலைக்குச் சுவர்த் திரையைவிட மேசைத் திரை நல்லது, தூக்கிப் பிடித்த கை சீக்கிரம் வலிக்கும்.

கேள்வி: ஒரு கண்காட்சிக்காக மேசைத் திரை செய்தோம். அலுவலகத்தில் எட்டுக் குழுக்களோடு சோதித்தோம், எல்லோரும் ரசித்தார்கள். கண்காட்சியில் வைத்ததும் ஒருவர் வருகிறார், ரெண்டு தட்டு தட்டுகிறார், போய்விடுகிறார். எங்கே தப்பு?
— கண்காட்சி வடிவமைப்பாளர், சிங்கப்பூர்

பதில்: அலுவலகத்தில் நீங்கள் நாலு பேரை ஒன்றாக அழைத்து, ஒன்றாக நிற்க வைத்து, ஒரே நேரத்தில் விளக்கம் சொல்லி, ஒரே வேலையைக் கொடுத்தீர்கள். வெளியே யாரும் அப்படி வருவதில்லை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஊரின் சுற்றுலாத் தகவல் மையத்தில் இதைத்தான் பார்த்தார்கள். ஒரு நாள் பயணத்தைச் சேர்ந்து திட்டமிட உதவும் மேசைத் திரையை அங்கே வைத்து, பால் மார்ஷல், இவான் ரோஜர்ஸ் முதலியோர் 2011இல் எழுதினார்கள். ஒன்றாக வந்த குடும்பமே மேசைக்கு ஒன்றாக வரவில்லை. ஒருவர் முன்னால் வருகிறார், இன்னொருவர் வேறு எதையோ பார்த்துவிட்டுப் பிறகு வருகிறார், அதற்குள் முதலாமவர் கிளம்பத் தயாராகிவிடுகிறார். எல்லோரும் ஒரே நேரத்தில் தொடுவார்கள் என்ற எண்ணத்தில் செய்த திட்டம் அங்கே நிற்கவில்லை.

ஹெல்சின்கி நகர மையத்தில் வைத்த சிட்டிவால் என்ற சுவர்த் திரையை 8 நாட்களில் 1199 பேர் பயன்படுத்தினார்கள், 2008இல் வந்த அந்த ஆய்வில் முன்பின் தெரியாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்று தொட்டதும், ஒருவரின் செயல் இன்னொருவரின் இடத்தில் போய் மோதியதும், அதைச் சிரித்துச் சமாளித்ததும் பதிவாகியிருக்கின்றன. அங்கே பொதுவாக ஒருவர் பயன்படுத்துவதைப் பார்த்துத்தான் அடுத்தவர் வந்தார்.

உங்கள் மேசையை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒருவரை மட்டும் உள்ளே அனுப்புங்கள், ஒன்றும் விளக்காதீர்கள். ஒரு நிமிடம் கழித்து ரெண்டாமவரை அனுப்புங்கள். அவருக்கு நுழைய இடம் இருக்கிறதா, நடந்துகொண்டிருப்பது புரிகிறதா, முதலாமவர் கேட்காமலே இவர் ஏதாவது ஒன்றைச் செய்ய முடிகிறதா என்று பாருங்கள். அப்புறம் முதலாமவரை வெளியே கூப்பிட்டுவிடுங்கள், ரெண்டாமவர் தொடர முடிகிறதா? தனியாக வந்தவருக்கும் பயன் இருக்க வேண்டும், ஆள் சேரச் சேர அது பெருக வேண்டும். ‘தொடங்கு’ பட்டனும் அறிமுகப் பக்கமும் இருந்தால் எடுத்துவிடுங்கள், நடுவில் வருகிறவருக்கு அவை கதவை மூடுகின்றன.

கேள்வி: சோதனையை வீடியோ எடுத்துவிட்டோம். மணிக்கணக்கில் இருக்கிறது. அதில் எதைப் பார்ப்பது?
— ஆய்வு மாணவர், மதுரை

பதில்: முதலில், படத்தில் இருப்பவர்கள் எல்லோரிடமும் எழுத்துப்பூர்வமாகச் சம்மதம் வாங்கியிருக்கிறீர்களா, சிறுவர்கள் என்றால் பெற்றோரிடம் வாங்கியிருக்கிறீர்களா என்று சரிபாருங்கள். இல்லை என்றால் அந்தப் பகுதியை அழித்துவிடுங்கள், வேறு வழி இல்லை.

மேலிருந்து கைகளை எடுத்த படமும், பக்கத்திலிருந்து முகங்களை எடுத்த படமும் ரெண்டும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. யார் எத்தனை முறை தொட்டார் என்று எண்ணி ஒரு கிராஃப் போடுவது சுலபம், அதை மட்டும் நம்பினால் தவறான இடத்தில் நிற்பீர்கள். ஒரு தடவைகூடத் தொடாமல் “அந்த மூணாவதை இங்க வை” என்று சொல்லிச் சொல்லி முழு வேலையையும் நடத்தியவரும் அந்தக் குழுவில் இருப்பார்.

நான் தேடுவது தொடாத கைகளை. ஒரு கை நீளும், அட்டைக்கு ஒரு சாண் முன்னால் நிற்கும், எதிரில் இருப்பவரும் அதே அட்டையைப் பார்க்கிறார் என்று கண் கவனிக்கும், கை மெல்லத் திரும்பி மேசை விளிம்பில் படியும். திரையின் பதிவேட்டில் இதற்கு ஒரு வரிகூட இருக்காது, ஏனென்றால் தொடுதல் எதுவும் நடக்கவில்லை. அதே இடத்தில் வேறு வேறு குழுக்களிலும் கை நின்று திரும்பினால் உங்கள் அட்டை தவறான இடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதேபோல் யாராவது “ஏய், நான் பாத்துட்டு இருக்கேன்ல” என்று சொன்ன நொடியைக் குறியுங்கள், அதற்கு முந்தைய பத்து வினாடிகளை மெதுவாக ஓட்டிப் பாருங்கள், முழு வரைபடமும் நகர்ந்திருக்கும், அல்லது ஒரு பெட்டி அவர் எழுத்துமேல் திறந்திருக்கும். ஒருவர் அடியெடுத்துப் பின்னால் நகர்ந்து கையைக் கட்டிக்கொண்ட நொடியையும் குறியுங்கள்.

இந்த மூன்றுக்கும் நேரக் குறிப்பு எடுத்தாலே மணிக்கணக்கான வீடியோவில் உட்கார்ந்து பார்க்க வேண்டிய பகுதி கொஞ்சமாகத்தான் மிஞ்சும். அதைத் தனியாகப் பார்க்காமல் புரோகிராம் எழுதியவரையும் பக்கத்தில் உட்கார வைத்துப் பாருங்கள், அறிக்கையில் நீங்கள் எழுதப்போகும் பத்துப் பக்கத்தைவிட அவர் கண்ணால் பார்த்த ஒரு கை சீக்கிரம் மாற்றத்தைக் கொண்டுவரும்.